காட்டை அழிக்காமல் காட்டை வைத்தே பிழைக்க: மலைக்கிராமங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நீலகிரி, கூடலூர், சத்தியமங்கலம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் பக்கத்து இருளர், குறும்பர், சோளகர், காட்டுநாயக்கர், பணியர் ஊர்களில் ‘மாற்று வாழ்வாதாரத் திட்டம்’ என்று பேச்சை எடுத்தால் பெரியவர்கள் அவ்வளவாகக் காது கொடுக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. தையல் மெஷின் வந்தது, ஆடு வந்தது, மெழுகுவர்த்திப் பயிற்சியும் வந்தது. திட்டக் காலம் முடிந்ததும் மெஷின் மூலைக்குப் போனது, ஆட்டைச் சிறுத்தை தூக்கிப் போனது, பயிற்சிச் சான்றிதழ் மட்டும் மிச்சம். காட்டுக்கும் அதனால் நல்லது நடக்கவில்லை. தையலில் வரும் வருமானத்துக்கும் பக்கத்து மலையில் தீப்பிடிப்பதற்கும் தொடர்பே இல்லை என்றால், தீயை அணைக்க யார் ஓடுவார்?

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே ஒரு கருத்தின் மேல் எழுதியிருக்கிறேன். காடு நன்றாக இருந்தால்தான் தொழில் நடக்கும் என்ற நிலையில் உள்ள தொழிலைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தொழிலின் முடிவுகளை எடுக்கும் அதிகாரம் ஊரின் கையில் இருக்கட்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எவ்வளவு பணம் கொட்டினாலும் நிற்காது.

இதற்கு நம் பக்கத்திலேயே பழைய சான்று உண்டு. செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது பிழைப்பு போனது. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானைக்குள் துணி கட்டி வைத்து, சில வாரங்களுக்குள் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போனது. தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அவர்களின் அறிவை யாரும் மாற்றவில்லை. பாம்பு உயிரோடு இருந்தால்தான் காசு என்று கணக்கு மட்டும் மாறியது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்த அறிவுக்காகத்தான்.

சரி, உங்கள் ஊரில் எங்கிருந்து தொடங்குவது?

படி 1: வீடு வீடாகப் போய் வருமானத்தையும் கடனையும் எழுதுங்கள்

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எந்த மாதம் என்ன வேலை, என்ன வருமானம், எந்த மாதம் கையில் காசே இல்லை என்று எழுதுங்கள். தேன் சித்திரை, வைகாசியில். நெல்லிக்காய் கார்த்திகையிலிருந்து தை வரை. காப்பி பறிப்பு, மிளகு பறிப்பு, எஸ்டேட் கூலி, அரசின் ஊரக வேலைத் திட்டம் என்று வருடம் முழுவதையும் வட்டம் போட்டு வரைந்தால், வெற்றிடம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். புதிய தொழில் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். ஏற்கெனவே எல்லோரும் கூலிக்குப் போகிற மாதத்தில் இன்னொரு வேலையைத் திணித்தால் ஆள் வராது.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் தேனையும் மிளகையும் பேசுவார்கள். விறகு, கீரை, கிழங்கு, சீமார்ப் புல், பூந்திக்கொட்டை எல்லாம் பெண்கள் கையில் உள்ள பொருள்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் எழுதப்படாமலே போகும்.

கடனைக் கட்டாயம் எழுதுங்கள். மலைக்கிராமத்தில் வியாபாரி மழைக்காலத்திலேயே அரிசியும் முன்பணமும் கொடுத்துவிடுவார். விளைச்சலும் தேனும் அப்போதே அவருக்கு எழுதியாகிவிட்டது. காய் மரத்தில் இருக்கும்போதே விற்றுப்போன ஒன்றுக்கு நீங்கள் என்ன சங்கம் வைத்தாலும் விலை பேச முடியாது. தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய மன்னான், பளியர் குடிகளின் மிளகு இப்படித்தான் வட்டிக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே வனத்துறையும் ஊராரும் சேர்ந்த சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக முதலில் செய்தது, அடமானத்தில் இருந்த மிளகுத் தோட்டங்களை மீட்டது. பயிற்சி, சந்தை எல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசை முக்கியம்.

படி 2: உரிமையைக் காகிதத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அலைச்சல் அதிகம், பலன் தெரிய வருடம் பிடிக்கும். ஆனாலும் இதை விட்டுவிட்டுக் கட்டிய எதுவும் ஒரு ரேஞ்சர் மாறினால் கலைந்துவிடும். பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் நெல்லி, தேன், மரப்பாசி எடுத்துக் கூட்டுறவுச் சங்கம் வழியாக நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தார்கள். சரணாலயங்களில் வனப்பொருள் விற்பனைக்குச் சட்டத் திருத்தம் தடை போட்டதும் எல்லாம் நின்றது. வருமானத்தின் பெரும்பகுதி போய்விட்டது. 2011-இல் அங்குள்ள ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்த பிறகுதான் கை வைக்கும் தைரியம் திரும்பவும் வந்தது. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை.

சட்டத்தின் பெயர் நீளம்: பட்டியல் பழங்குடியினர் மற்றும் பிற பாரம்பரிய வனவாசிகள் வன உரிமை அங்கீகாரச் சட்டம், 2006. நாம் வன உரிமைச் சட்டம் என்றே சொல்வோம். இதில் உங்களுக்கு வேண்டியவை இவை.

பிரிவு 3(1)(சி): வழிவழியாகச் சேகரித்து வந்த சிறுவன மகசூலின் மேல் உடைமை உரிமை. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, கிழங்கு எல்லாம் இதில் அடங்கும். மரம் அடங்காது. வேட்டையும் அடங்காது.

பிரிவு 3(1)(ஐ): சமூக வன வளத்தைக் காக்கவும், மீட்கவும், நிர்வகிக்கவும் உரிமை. பொருள் எடுக்கும் உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விடுகிற ஊர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. காட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

பிரிவு 5: காட்டையும் விலங்குகளையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. அது ஊரின் கடமையும்கூட.

கிராம சபை கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். 2012 திருத்தத்தின்படி கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வந்தவர்களின் கையெழுத்து, கைரேகைப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். மனு தள்ளுபடியாகக் கூட்ட எண்ணிக்கை ஒரு சுலபமான சாக்கு.

‘உங்கள் பதி (பழங்குடிக் குடியிருப்பு) தனிக் கிராமமே இல்லை, ஊராட்சியின் கிராம சபையில் வந்து சொல்லுங்கள்’ என்று யாராவது சொன்னால் பிரிவு 2(பி)-யை, அதாவது ஆங்கில எழுத்து p உள்ள 2(p)-யைக் காட்டுங்கள். காட்டுக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவெடுக்காத ஊர்கள் எல்லாம், அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சட்டப்படி கிராமம்தான். ஆங்கிலத்தில் உள்ள சட்ட நகலையும் கையில் வைத்திருங்கள், அங்கே அந்த எண்ணுக்கு வாதம் கிடையாது.

வீட்டு நிலத்துக்கு ஏ படிவம், சமூக உரிமைக்கு பி படிவம், சமூக வன வளத்துக்கு சி படிவம். ஒரு சான்று போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். மூதாதையர் புதைகுழி, கோயில் தோப்பு, பழைய வீட்டு அடித்தளம், தேன்பாறைகளின் பெயர்ப் பட்டியல், வனத்துறையின் பழைய செயல்திட்ட அறிக்கையில் உங்கள் ஊர் பெயர், இவை எல்லாம் செல்லும். கோப்பு கிராம சபையிலிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.

இந்த உரிமை கையில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மெந்தா லேகாவைப் பாருங்கள். கோண்டு பழங்குடி ஊர். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் சமூக உரிமை பெற்றது. 2011-இல் மூங்கில் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தையே கிராம சபை கையில் வாங்கிவிட்டது. அதுவரை வனத்துறை கொடுத்துவந்த சீட்டு அது. மூங்கில் விற்ற பணம் கிராம சபைக் கணக்கில் விழுகிறது.

படி 3: காட்டைக் கணக்கெடுங்கள்

எத்தனை மரம், எத்தனை கூடு என்று தெரியாமல் எவ்வளவு எடுக்கலாம் என்று பேச முடியாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வழக்கமாகப் போகும் பாதைகளை வரைபடமாக்குங்கள், செல்போன் ஜி.பி.எஸ். போதும். நெல்லி என்றால் நான்கைந்து இடங்களில் மரங்களுக்கு எண் வண்ணத்தில் போட்டு, வருடா வருடம் அதே மரங்களைப் பாருங்கள். காய்ப்பு எப்படி, கிளை ஒடிந்திருக்கிறதா, கீழே கன்று முளைத்திருக்கிறதா. கன்றை எண்ணுவதுதான் இதில் உயிர்நாடி. காய் நிறைய இருந்து கன்று ஒன்றும் இல்லை என்றால், இன்னும் இருபது வருடத்தில் அந்தத் தொழில் முடிந்தது என்று பொருள்.

தேனுக்குப் பாறை வாரியாக, மரம் வாரியாகக் கூடுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிறது என்றால் உங்கள் விவரங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஆனால் அரிய மூலிகை எங்கே இருக்கிறது என்ற இடக்குறிப்பை வெளியே கொடுக்காதீர்கள்.

படி 4: எந்தப் பொருள்?

வரிசை எளிது. களையாக வந்ததை எடுப்பது முதலில். காய், கனி, தேன், இலை அடுத்து. வேரும் பட்டையும் கடைசி, முடிந்தால் வேண்டவே வேண்டாம்.

மாகாளிக்கிழங்குக்கு ஊறுகாய்ச் சந்தை எப்போதும் உண்டு. தோண்டினால் கொடியே போய்விடும். ஒரு பகுதியில் சுற்றி எடுத்துவிட்டால் அப்புறம் அதிக தூரம், இன்னும் உயரம் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் பட்டா நிலத்தின் வேலியோரத்தில் நட்டு வளர்த்து எடுங்கள்.

களை என்று சொன்னேன். அதில் முதல் பெயர் உன்னிச்செடி (லாண்டானா). அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க விடாமல் புதராக மூடிக்கிடக்கிறது. மான் மேய இடமில்லை. கோடையில் தீப்பிடித்தால் மரத்தின் தலை வரை ஏறுகிறது. புதருக்குள் யானை நிற்பது பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. இந்தப் பக்கத்தில் காட்டு வழியாக நடந்து போகிற பெண்களைக் கேட்டால் உன்னியைத்தான் முதலில் திட்டுவார்கள்.

மலை மாதேஸ்வரத்தில் சோளகர்கள் இதை நாற்காலியாகவும் கூடையாகவும் செய்கிறார்கள். பெங்களூரின் அசோகா சூழலியல் ஆய்வு நிறுவனம் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. மூங்கில் கிடைக்காமல் கூடை முடைகிறவர்கள் தவித்தபோது அதன் இடத்தில் உன்னி வந்து உட்கார்ந்தது. கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைகள் உயிரளவு யானைகளையே உன்னித் தண்டில் செய்தன. அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்காவுக்கும் போயின.

செய்முறை இப்படி. விரல் தடிமனுள்ள நேரான தண்டுகளை வெட்டி, இலையும் முள்ளும் நீக்கி, கட்டாகக் கட்டி, பெரிய டிரம்மில் தண்ணீர் ஊற்றி வேகவைக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் தோல் பட்டை பட்டையாக உரிந்து வரும், ஆறிவிட்டால் நகம்தான் போகும். உரித்த தண்டு பிரம்பு மாதிரி வளையும். ஈரம் காய்வதற்குள் சட்டத்தில் வளைத்து ஆணி அடித்துவிட வேண்டும். பூச்சி அரிக்காது என்பது இதன் பெரிய வசதி.

தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் காட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை, இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தொழிலுக்கு வெட்டுகிற இடத்திலேயே, மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, ஆணிவேரைத் துளிர்க்கும் பகுதிக்கு அடியில் வெட்டி, அடித்தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காய் பழுக்கும் முன் இதைச் செய்தால் பறவைகள் விதையைப் பரப்பாது. அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, இரண்டு மூன்று மழைக்காலம் புதிய முளைகளைப் பிடுங்குங்கள். இந்தக் களையெடுப்புக் கூலியைத் தொழில் தாங்காது. வனத்துறையின் அன்னியச் செடி அகற்றும் நிதியிலோ அரசின் ஊரக வேலைத் திட்டத்திலோ கேட்டு வாங்குங்கள்.

சுற்றுலாவைப் பற்றிக் கேட்பீர்கள். வழிகாட்டி வேலை, பறவை பார்க்கும் நடை, இவை நல்லது. ஊர்க்குள் தங்கும் விடுதி என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. குடிநீரும் நிலமும் கைமாறத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

படி 5: எடுக்கும் விதியை எழுதுங்கள்

விதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. நீலகிரிக் குறும்பர்கள் கொடியைத் திரித்து ஏணி கட்டிப் பாறையில் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனர். அக்காவோ தங்கையோ தாலி இழக்க அவர் விட மாட்டார் என்பது கணக்கு. எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்கு, எப்போது இறங்குவது, எதை விடுவது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. சந்தை சூடுபிடிக்கும்போது இந்த முறைகள்தான் முதலில் நழுவும். அதனால் எழுதுங்கள், ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

மலைத்தேனீயின் அடை ஒரே பெரிய பலகை. அதன் மேல்புறத்தில் ஒரு பக்கமாகப் புடைத்திருப்பதுதான் தேன் பகுதி. கீழே விரிந்திருப்பது புழு அடை. முழு அடையையும் அறுத்துத் தள்ளினால் அந்தக் கூட்டத்தின் அடுத்த தலைமுறை போச்சு. புழுவும் மகரந்தமும் கலந்து பிழிந்த தேன் கலங்கி, சீக்கிரம் புளிக்கும். தேன் பகுதியை மட்டும் கத்தியால் நறுக்கி வாளியில் விட்டுப் புழு அடையை அப்படியே தொங்க விட்டால், பூ இருக்கும் காலத்தில் அதே ஈக்கள் அதே இடத்தில் திரும்பவும் சேர்க்கும். பந்தம் கொளுத்தி ஈயை எரிக்காதீர்கள். பச்சைத் தழைப் புகை போதும். ஒவ்வொரு பாறையிலும் குறைந்தது இவ்வளவு கூட்டைத் தொடக்கூடாது என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். அந்த எண் படி 3-இல் எடுத்த கணக்கிலிருந்து வர வேண்டும்.

தேனைக் கையால் பிழியாமல் துணியில் வைத்து வடிய விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். மண்ணெண்ணெய் டின்னில் ஒரு தடவை ஊற்றினால் அந்த வாசம் மொத்தச் சரக்கையும் கெடுக்கும்.

நெல்லிக்குக் கிளையை ஒடிக்காமல் கொக்கியாலோ ஏறியோ பறிக்க வேண்டும். உச்சியில் உள்ளதையும் கீழே உதிர்ந்ததையும் விட்டுவிடுங்கள். கடமானும் புள்ளிமானும் அதைத் தின்று விதையைத் துப்பினால்தான் அடுத்த மரம். புல்லுருவி பிடித்த கிளை தெரிந்தால் பறிக்க ஏறியவரே அதை வெட்டிவிட்டு இறங்கட்டும். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு இலேசாகத் தீ வைத்தபோது புல்லுருவியும் உன்னியும் இவ்வளவு பெருகவில்லை என்று சோளகர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் இன்று சட்டப்படி காட்டில் தீ வைப்பது குற்றம், அதனால் கையால் வெட்டுவதுதான் நமக்குள்ள வழி.

படி 6: சங்கமா, கம்பெனியா

முதல் வருடம் ஒரு சுய உதவிக் குழுவும் ஒரு வங்கிக் கணக்கும் போதும். பழங்குடியினருக்கான பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் உங்கள் பக்கத்தில் உயிரோடு இருந்தால் அதன் உறுப்பினராகி, உள்ளே இருந்து சீர்செய்யப் பாருங்கள். 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் வன் தன் திட்டத்தில் (வனப்பொருளைப் பதப்படுத்தி விற்பதற்கானது) 15 குழுக்கள், குழுவுக்கு 20 பேர், ஆக 300 பேர் சேர்ந்து ஒரு மையம் அமைக்கலாம். கருவிகளுக்கும் பயிற்சிக்கும் அதில் பணம் உண்டு.

வியாபாரம் வளர்ந்த பிறகு உற்பத்தியாளர் நிறுவனம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், குறைந்தது ஐந்து இயக்குநர்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் துணையோடு 2013-இல் தொடங்கிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இப்படிப்பட்டது. தேன், காப்பி, மிளகு, சிறுதானியம் என்று வாங்கிப் பதப்படுத்தி விற்கிறது. பங்குதாரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அதற்குக் கிடைத்தது. கவனிக்க வேண்டியது, அதற்கு முன் இருபது வருடம் போல ஊர்களில் நடந்த வேலை. கம்பெனி கடைசியில்தான் வந்தது.

படி 7: முன்பணத்தை நீங்களே கொடுங்கள்

வியாபாரியை மோசக்காரர் என்று திட்டுவதில் பயனில்லை. ஆடி மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்குக் காசு கொடுப்பவர் அவர்தான். சங்கம் அந்த வேலையைச் செய்யாவிட்டால் தேன் அவரிடமே போகும். அதனால் முதல் நிதி எங்கிருந்து வந்தாலும் ஒரு பகுதியை அவசரக் கடனுக்கென்று ஒதுக்குங்கள். சரக்கு வந்தவுடன், தராசு எல்லோர் கண் முன்னாலும் இருக்க, கையில் பணம். ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த பருவத்தில் அவர் வர மாட்டார்.

படி 8: தரமும் விலையும்

உணவுப் பொருள் எதுவானாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். இயற்கை வேளாண் சான்றுக்கு, பட்டா நிலத்துக் காப்பி, மிளகு, ராகி, சாமைக்கு, ஒருவரை ஒருவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். முறை செலவு குறைந்தது.

தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. மலைத்தேன் இயல்பாகவே அதைவிட நீர்த்திருக்கும், அதுவும் மழை முந்திவிட்டால் சொல்லவே வேண்டாம். ஈரப்பதம் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி ஒன்று வாங்கி, கொள்முதல் இடத்திலேயே ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நீர்த்த தேனைத் தனி டிரம்மில் போட்டு, ஈரம் உறிஞ்சும் அறையில் தட்டுகளில் பரப்பிக் குறைக்கலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். மிஞ்சும் மெழுகையும் வீசாதீர்கள். தண்ணீரில் உருக்கி வடிகட்டிக் கட்டியாக்கினால் தைலத்துக்கும் சோப்புக்கும் நல்ல விலை.

விலை போடுவதில்தான் பல குழுக்கள் கவிழ்கின்றன. உதாரணத்துக்கு ஒரு கணக்கு, எண்கள் புரிவதற்காக மட்டும். கிலோ 300 ரூபாய்க்கு 100 கிலோ தேன் வாங்கினால் 30,000. வடிகட்டி ஈரம் போக்கினால் 90 கிலோதான் மிஞ்சும். பாட்டிலும் லேபிளும் 3,600. கூலி 4,000. வண்டி 2,500. வாடகையும் கரண்டும் 1,500. கடைக்காரர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார், அதுவரை முடங்கிய பணத்துக்கு வருடம் 12 விழுக்காடு வட்டி என்றால் சுமார் 1,250. மொத்தம் 42,850. இதை 90-ஆல் வகுத்தால் கிலோ 476 ரூபாய். ‘முந்நூறுக்கு வாங்கினோம், நானூற்றி இருபதுக்கு விற்றோம், லாபம்’ என்று நினைத்த குழு, ஒவ்வொரு கிலோவுக்கும் 56 ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறது. கழிவையும் வட்டியையும் கணக்கில் சேர்க்காததுதான் காரணம்.

எங்கே விற்பது? முதல் சந்தை உங்கள் மலையடிவார நகரம். கோயில் சாலை, பேருந்து நிலையக் கடை, ஊட்டியில் பயணிகள் வரும் கடை. பெருநகர ஆர்டருக்கு ஆசைப்பட்டு, காடு தருவதைவிட அதிகம் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘இந்த வருடம் இவ்வளவுதான்’ என்று சொல்லப் பழகிய சங்கத்தின் காட்டில்தான் அடுத்த வருடமும் தேன் இருக்கும்.

படி 9: காவல்

தேக்கடியில் வயனை என்கிற காட்டு லவங்கப்பட்டை மரத்தை உரித்துக் கடத்தி வந்த ஆட்கள், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்து, தங்களுக்கென ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். கள்ளப்பாதை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இன்று அதே பாதைகளில் பயணிகளை நடத்திக் கூட்டிப்போகிறார்கள், போகும்போதே ரோந்தும் நடக்கிறது. அதே காட்டில் 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் முறை வைத்துக் காவல் போகிறார்கள்.

உங்கள் ஊரிலும் சேகரிக்கப் போகிற பாதையையே ரோந்துப் பாதையாக்குங்கள். சுருக்குக் கம்பி, வெட்டிய அடிமரம், புதிய ஆள் தடம் கண்டால் எழுதும் ஒரு நோட்டு, உங்கள் பகுதி (பீட்) வனக்காவலரின் எண், கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் பட்டியல். வனத்துறை ஆட்களோடு மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். சண்டை போட வேண்டிய இடம் வரும்போது போடுங்கள், ஆனால் தீப்பிடித்த அன்று இரண்டு பேரும் ஒரே மலையில்தான் நிற்க வேண்டும்.

படி 10: வருடக் கணக்கும் கெட்ட வருடமும்

பருவம் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை வாய்விட்டு வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி, இவர் இவ்வளவு கிலோ கொடுத்தார், இவ்வளவு வாங்கினார் என்று பெயர் சொல்லி. அதோடு மரக் கணக்கையும் கூட்டின் கணக்கையும் வையுங்கள். எண்ணிட்ட மரங்களில் காய்ப்போ கன்றோ குறைந்திருந்தால் அந்தப் பகுதியை அடுத்த வருடம் மூடுங்கள். எந்தப் பகுதியை மூடுவது என்பதைச் சேகரிப்பவர்களே சொல்லட்டும்.

லாபத்தில் ஒரு பங்கைச் சேமநிதியில் போடுங்கள். பூ பொய்த்த வருடம் தேன் வராது. மூங்கிலோ பல பத்தாண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பூத்து, விதை உதிர்த்து, தூரோடு காய்ந்துவிடும். அதை நம்பிக் கூடை முடைகிறவர்களுக்கு அப்புறம் பல வருடம் பச்சை மூங்கில் கிடைக்காது. மூங்கில் பூக்கத் தொடங்கியது தெரிந்த அன்றே கூட்டம் போடுங்கள். காய்ந்த தூர்களை எந்த வரிசையில் எடுப்பது, கன்று முளைக்கும் இடத்தில் எத்தனை மழைக்காலம் மாடு விடாமல் காப்பது, அதுவரை முடைகிறவர்களை உன்னி வேலைக்கு எப்படி மாற்றுவது என்ற மூன்றையும் அன்றைக்கே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.